ரேம் மிச்சமிருந்தும் ‘நினைவகம் போதவில்லை’: ஐந்து தீர்வுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

32 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினியில் 12 ஜிபி இன்னும் பயன்படாமல் இருப்பதாக டாஸ்க் மேனேஜர் காட்டுகிறது. அதே நேரத்தில், திறந்திருக்கும் நிரல் ஒன்று நினைவகம் போதவில்லை என்று அறிவித்துவிட்டு, சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்கிறது. இந்த முரண்பாட்டைச் சந்திப்பவர்களுக்கு வழக்கமாக ஐந்து வழிகள் சொல்லப்படுகின்றன. கூடுதல் ரேம் வாங்கலாம். ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்பைப் பெரிதாக்கலாம். நிரலுக்கென வகுக்கப்பட்ட உச்சவரம்பை உயர்த்தலாம். 32 பிட் நிரலை விட்டு 64 பிட் பதிப்புக்கு மாறலாம். நினைவகத்தைக் கசியவிடும், அதாவது வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகும் நிரலைக் கண்டுபிடித்துத் திருத்தலாம் அல்லது நீக்கலாம். ஐந்துமே உண்மையான தீர்வுகள்தாம். ஆனால் ஒன்று தீர்க்கும் சிக்கலை மற்றொன்று தொடக்கூடச் செய்யாது. செலவு மிகுந்த முதல் வழியைத்தான் பலரும் முதலில் நாடுகிறார்கள். ரேம் தாராளமாக உள்ள கணினியில் அது உதவும் தருணங்களோ மிகவும் குறைவு. பணத்தைச் செலவிட்டுவிட்டு அதே பிழையை மறுநாளும் பார்ப்பவரின் ஏமாற்றத்தைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் இந்த ஒப்பீட்டைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பிழைச்செய்தி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நிரல் ஓர் அளவு இடத்தைக் கேட்டது, அது மறுக்கப்பட்டது. மறுத்தது இயங்குதளமா, ஜாவா போன்ற இயக்கச் சூழலா, கண்டெய்னரின் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் உறையின்) வரம்பா, அல்லது நிரலின் முகவரிப் பரப்பே (அது சுட்டக்கூடிய நினைவக இடங்களின் மொத்தமே) தீர்ந்துபோனதா என்பதைச் செய்தி பெரும்பாலும் தெரிவிப்பதில்லை. ரேமின் அளவு இந்த வரம்புகளில் ஒன்று மட்டுமே. எந்த வரம்பு முட்டியது என்று தெரிந்துகொள்ளாமல் தீர்வைத் தேர்ந்தெடுப்பது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் தொட்டியைப் பெரிதாக்குவதற்கு ஒப்பாகும்.

பேஜ் ஃபைலா, ரேமா?

விண்டோஸ் கணினிகளில் இந்த இரண்டுக்கும் இடையிலான தேர்வுதான் மிகுதியாக எழுகிறது. மிகுதியாகத் தவறாகவும் செய்யப்படுகிறது. காரணம் எளியது. ஒரு நிரல் இடம் கேட்கும்போது, விண்டோஸ் அந்த இடத்தை உடனே ரேமில் ஒதுக்குவதில்லை. தேவைப்படும்போது தருவேன் என்று உறுதி மட்டும் அளித்து, அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இந்த உறுதிகளின் கூட்டுத்தொகைக்குக் கமிட் என்று பெயர். ரேமின் அளவையும் பேஜ் ஃபைலின் அளவையும் கூட்டினால் வருவது ஏறத்தாழ அதன் உச்சவரம்பு. தன்னால் காப்பாற்ற முடியாத உறுதியை விண்டோஸ் ஒருபோதும் அளிக்காது. ஆகவே கூட்டுத்தொகை வரம்பைத் தொட்டதும், ரேமில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், அடுத்த வேண்டுகோள் மறுக்கப்படுகிறது.

இப்போது முதலில் சொன்ன கணினியை மீண்டும் பாருங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதன் உரிமையாளர் பேஜ் ஃபைலை முற்றாக நீக்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கமிட் வரம்பு ஏறத்தாழ 32 ஜிபியோடு நின்றுவிடுகிறது. ஒரு நிரல் 4 ஜிபி கேட்டுவிட்டு அதில் 1 ஜிபியை மட்டுமே தொடுகிறது என்றால், கணக்கில் ஏறுவது 4, ரேமில் நிரம்புவது 1. உலாவி, படத்தொகுப்பு நிரல், மெய்நிகர் கணினி எனப் பல நிரல்கள் இப்படி முன்கூட்டியே பெரிதாகக் கேட்டு வைத்துக்கொள்ளும்போது, 20 ஜிபி மட்டுமே உண்மையில் பயன்பட்டிருக்க, கணக்கில் 32 ஜிபியும் தீர்ந்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், நினைவகப் பகுதியில், ‘கமிட்டட்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு எண்கள் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும். பிழை வரும் தருணத்தில் முதல் எண் இரண்டாவது எண்ணை நெருங்கியிருந்தால் நோய் உறுதியாகிவிட்டது.

இந்த நிலையில் 16 ஜிபி ரேம் வாங்கினாலும், 16 ஜிபி பேஜ் ஃபைல் வைத்தாலும், கமிட் வரம்பு உயர்வது ஏறத்தாழ ஒரே அளவுதான். ஒன்றுக்குப் பணம் வேண்டும். மற்றொன்றுக்கு வட்டில் இடம் மட்டும் போதும். பேஜ் ஃபைல் வைத்தால் கணினி மெதுவாகிவிடும், எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது. தொடப்படாத பக்கங்களுக்கு (நினைவகத்தின் சிறு துண்டுகளுக்கு) அளித்த உறுதியைத் தாங்க மட்டுமே அந்தக் கோப்பு இருக்கிறது. அந்தப் பகுதியில் பெரும்பாலும் எதுவும் எழுதப்படுவதே இல்லை. வேகம் குறைவது உண்மையிலேயே ரேம் நிரம்பி, பயன்பாட்டில் உள்ள பக்கங்களே வட்டுக்கும் ரேமுக்கும் இடையே அலையும்போதுதான். எனவே தேர்வுக்கான அளவுகோல் இதுவாகிறது: பிழை வரும் நேரத்தில் ‘அவைலபிள்’ என்ற எண் சில ஜிபிக்களாகவே இருந்தால் பேஜ் ஃபைல் போதும், அது ஏறக்குறைய பூச்சியமாகி, வட்டும் இடைவிடாது இயங்கினால், அப்போது ரேமைப் பற்றி யோசிக்கலாம்.

பேஜ் ஃபைலின் அளவை விண்டோஸே தீர்மானிக்க விடுவதா, நாமே நிர்ணயிப்பதா என்பது அடுத்த கேள்வி. விண்டோஸிடம் விடுவதே பொதுவாக நல்லது. தேவை கூடும்போது அது கோப்பைத் தானே வளர்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. வட்டு நிரம்பியிருந்தால் கோப்பு வளர இடமிருக்காது. ஆகவே சி டிரைவ் நிரம்பிய கணினியில் வரும் நினைவகப் பிழைக்கு, வட்டைச் சுத்தம் செய்வதே மருந்தாக அமைவதுண்டு. இரண்டாவது குறை நுட்பமானது. கோப்பு வளரச் சற்று நேரம் பிடிக்கிறது. அதற்குள் வந்த வேண்டுகோள் மறுக்கப்பட்டு நிரல் விழுந்துவிடக்கூடும். ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்குபவர்கள் இதையே பயன்படுத்திக்கொண்டார்கள். இடம் மறுக்கப்பட்டால் உடனே விழாமல், சற்றுக் காத்திருந்து மறுபடியும் கேட்கும்படி உலாவியை மாற்றியதில், விண்டோஸில் நினைவகப் பற்றாக்குறையால் அது விழும் நிகழ்வுகள் 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக 2022இல் மொசில்லா அறிவித்தது. இத்தனை சிறிய மாற்றம் இவ்வளவு பலன் தந்தது, கமிட் வரம்பு எத்தனை கணினிகளில் அமைதியாகத் தொல்லை கொடுத்து வந்தது என்பதற்கு நல்ல சான்று. எல்லா நிரல்களும் இப்படிக் காத்திருப்பதில்லை. பெரிய நிரல்களை ஒரே நேரத்தில் திறக்கும் பழக்கம் உள்ளவர்கள், 32 ஜிபி கணினியில் பேஜ் ஃபைலின் தொடக்க அளவை 16 ஜிபியாக வைத்து, உச்ச அளவை அதைவிடப் பெரிதாக விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

லினக்ஸில் கதை வேறு

லினக்ஸ் இயல்புநிலையில் தாராளமாக உறுதியளிக்கும். எல்லா நிரல்களும் கேட்டதை முழுமையாகப் பயன்படுத்தப் போவதில்லை என்ற ஊகத்தில், கையிருப்பைவிட அதிகமாகவே வழங்கிவிடும். அந்த ஊகம் பொய்த்து ரேம் உண்மையிலேயே தீரும்போது, இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஓஓஎம் கில்லர் எனப்படும் பகுதி ஒரு ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை, தேர்ந்து கொன்றுவிடுகிறது (ஓஓஎம் என்பது நினைவகம் தீர்ந்தது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). நிரல் எந்தச் செய்தியும் தராமல் மறைந்து, வெளியேறும் எண் 137 என்று இருந்தால் முதல் சந்தேகம் இதன்மீதே விழ வேண்டும். கர்னல் பதிவேட்டில் கொல்லப்பட்ட ப்ராசஸின் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

இங்கே ஒப்பிட வேண்டியது ரேமையும் கண்டெய்னர் வரம்பையும்தான். 64 ஜிபி சர்வரில் ஓடும் ஒரு கண்டெய்னருக்கு 2 ஜிபி மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தால், மீதி 62 ஜிபி அதற்கு இல்லாததற்குச் சமம். கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ‘ஓஓஎம் கில்டு’ என்ற நிலையைப் பார்த்ததும் சர்வரைப் பெரிதாக்கக் கோருபவர்களை அடிக்கடி காண்கிறோம். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் முடிந்துவிடும் வேலைக்குப் புதிய சர்வர் தேவையில்லை.

சில சர்வர்களில் அளவுக்கு மீறி உறுதியளிக்கும் இந்தத் தாராளம் வேண்டுமென்றே நிறுத்தப்பட்டிருக்கும். ஓவர்கமிட் அமைப்பின் மதிப்பு 2 என்று வைக்கப்பட்டால், ஸ்வாப்பின் (லினக்ஸில் பேஜ் ஃபைலுக்கு நிகரான வட்டு இடத்தின்) அளவோடு ரேமில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைக் கூட்டிய தொகையே வரம்பாகிறது. அந்த விழுக்காட்டின் இயல்பு மதிப்பு 50. ஸ்வாப் இல்லாத 64 ஜிபி சர்வரில் வரம்பு 32 ஜிபியாகச் சுருங்குகிறது. பாதி ரேம் காலியாக இருக்கும்போதே வேண்டுகோள்கள் மறுக்கப்படுகின்றன. இங்கே ரேமை இரட்டிப்பாக்கினால் சிக்கல் தீரத்தான் செய்யும்; ஆனால் வாங்கியதில் பாதி மீண்டும் வீணாகும். விழுக்காட்டை உயர்த்துவது அல்லது ஸ்வாப் சேர்ப்பது மேலானது.

இன்னொரு வரம்பு நினைவகத்தின் அளவோடு தொடர்பே இல்லாதது. ஒரு ப்ராசஸ் வைத்துக்கொள்ளக்கூடிய நினைவகத் துண்டுகளின் எண்ணிக்கைக்கு லினக்ஸ் நீண்ட காலமாக 65530 என்ற இயல்பு வரம்பை வைத்துள்ளது. ஏராளமான கோப்புகளை நினைவகத்தோடு இணைத்துப் படிக்கும் தரவுத்தள, தேடல் நிரல்கள் இதை எளிதில் தாண்டிவிடும். அப்போதும் வரும் செய்தி நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்பதுதான். எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருளின் நிறுவல் வழிகாட்டியே இந்த எண்ணை 262144 ஆக உயர்த்தச் சொல்லி வந்திருக்கிறது.

வரம்பை உயர்த்துவதா, கசிவைத் தேடுவதா?

ஜாவா, நோட், பிஎச்பி போன்ற இயக்கச் சூழல்களில் இயங்கும் நிரல்கள் கணினியின் ரேமை நேரடியாகப் பார்ப்பதில்லை. தமக்கு வகுக்கப்பட்ட ஹீப் என்ற நினைவகப் பகுதியை மட்டுமே பார்க்கின்றன. வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் ஜாவா தன் உச்ச ஹீப்பாக ரேமில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும்: 64 ஜிபி கணினியில் 16 ஜிபி. பிஎச்பியின் இயல்பு வரம்பு ஒரு கோரிக்கைக்கு 128 எம்பி. நோட் நிரல்களின் ஹீப், 64 பிட் கணினியிலும்கூடப் பழைய பதிப்புகளில் ஏறத்தாழ 1.4 ஜிபியோடு நின்றது. இவற்றில் வரும் பிழைக்கு ரேமோ பேஜ் ஃபைலோ விடையாகாது. வரம்பை உயர்த்துவதும் கசிவைத் தேடுவதும்தான் எதிரெதிரே நிற்கும் தேர்வுகள்.

வரம்பை உயர்த்துவது ஒரு நிமிட வேலை. கசிவைத் தேடுவது நாள் கணக்கில் இழுக்கக்கூடியது. எனவே பலரும் முன்னதைச் செய்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அது எப்போது நியாயமான நிம்மதி என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வரம்பை இரட்டிப்பாக்குங்கள், அதே வேலைப்பளுவை மீண்டும் கொடுங்கள். பிழை வராமலே போய்விட்டால், நிரலின் உண்மையான தேவை முன்பு வைத்த வரம்பைவிட அதிகம் என்பது தெளிவு. வரம்பை அங்கேயே விட்டுவிடலாம். முன்பு ஆறு மணி நேரத்தில் விழுந்த நிரல் இப்போது பன்னிரண்டு மணி நேரத்தில் விழுந்தால், அது கசிவு. எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கிவிட்டுப் பிறகு விழும். ஹீப்பின் பயன்பாட்டை வரைபடமாகப் பார்த்தால் இன்னும் விரைவில் தெரியும். குப்பை அகற்றல் (இனி பயன்படாத பொருள்களின் இடத்தை மீட்கும் வேலை) நடக்கும் ஒவ்வொரு முறையும் கோடு கீழிறங்கும். அந்தக் கீழ்ப்புள்ளிகள் ஒரே மட்டத்தில் இருந்தால் ஆரோக்கியம், படிப்படியாக உயர்ந்துகொண்டே போனால் கசிவு.

ஜாவாவைப் பொறுத்தவரை, பிழையின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியை அடுத்து வரும் சொற்களைப் படிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. அங்கே ‘ஜாவா ஹீப் ஸ்பேஸ்’ என்றிருந்தால் மேலே சொன்னது பொருந்தும். ‘மெட்டாஸ்பேஸ்’ என்றிருந்தால் தீர்ந்தது வகுப்புகளின் விவரங்களை வைக்கும் வேறொரு பகுதி. ஹீப்பை உயர்த்துவதால் அதற்கு எந்தப் பயனும் இல்லை. புதிய நேட்டிவ் த்ரெட்டை (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலை இழையை) உருவாக்க முடியவில்லை என்றிருந்தால், த்ரெட்களின் எண்ணிக்கை இயங்குதளத்தின் வரம்பை எட்டிவிட்டது அல்லது அவற்றின் ஸ்டாக்கிற்கு (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் உரிய தனி நினைவகத்திற்கு) ஹீப்புக்கு வெளியே இடமில்லை என்று பொருள். இரண்டாவது நிலையில் ஹீப்பை உயர்த்துவது சிக்கலை இன்னும் கடுமையாக்கும். குப்பை அகற்றலின் சுமை எல்லை மீறியது என்ற செய்தியோ, நேரத்தில் ஏறத்தாழ 98 விழுக்காட்டைச் செலவிட்டும் ஹீப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மீட்க முடிந்தது என்பதைச் சொல்கிறது. பெரும்பாலும் ஹீப் நிரம்பப் போவதன் முன்னறிவிப்பு அது.

வரம்பை உயர்த்துவோர் அறியாத பள்ளம் ஒன்று 32 ஜிபி எல்லையில் இருக்கிறது. ஹீப் அதற்குக் கீழே இருக்கும்வரை ஜாவா, பொருள்கள் நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் தன் சுட்டிகளைச் சுருக்கி, ஒவ்வொன்றையும் 4 பைட்டில் வைக்கிறது; எல்லையைத் தாண்டியதும் ஒவ்வொரு சுட்டிக்கும் 8 பைட் ஆகிறது. சிறு சிறு பொருள்களை ஏராளமாக வைத்திருக்கும் நிரலில் 31 ஜிபி ஹீப் கொண்டதைவிட 35 ஜிபி ஹீப் குறைவாகவே கொள்ளக்கூடும். தாராளமாக ரேம் வைத்திருப்பவர்களே இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கசிவு என்று முடிவானால், தேடலை எங்கே தொடங்குவது? விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ‘கமிட் சைஸ்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். வழக்கமாகக் காட்டப்படும் மெமரி நெடுவரிசை இதற்கு உதவாது, ஏனென்றால் அது ரேமில் இருப்பதை மட்டுமே எண்ணும். கமிட் தீர்ந்து விண்டோஸே எச்சரித்திருந்தால், ஈவென்ட் வியூவரில் 2004 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். அந்தத் தருணத்தில் மிகுதியாக நினைவகம் பிடித்திருந்த நிரல்களின் பெயர்கள் அதில் இருக்கும். நிகழ்வு முடிந்த பிறகும் சான்றாக நிற்கும் இடம் இது என்பதால், கணினியை மறுதொடக்கம் செய்தவர்களுக்கு இது மிகவும் பயன்படும். எல்லா நிரல்களையும் கூட்டினாலும் பயன்பாட்டில் உள்ள ரேமில் பாதிகூட வரவில்லை என்றால், குற்றவாளி, வன்பொருளை இயக்கும் டிரைவராக இருக்கலாம். ‘நான்-பேஜ்டு பூல்’ (வட்டுக்கு மாற்றப்படாமல் ரேமிலேயே இருக்கும் கர்னல் நினைவகம்) என்ற எண் பல ஜிபிக்களாக வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்திருந்தால், பூல்மான் என்ற கருவி எந்தக் குறிச்சொல்லின் கீழ் அந்த ஒதுக்கீடு நடந்தது என்று காட்டும். அந்தக் குறிச்சொல்லை வைத்து டிரைவரை அடையாளம் கண்டு, புதுப்பிக்கவோ பழைய பதிப்புக்குத் திரும்பவோ செய்யலாம். நெட்வொர்க் டிரைவர்களிலிருந்து இந்தத் தேடலைத் தொடங்குவது என் வழக்கம். மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கப்பட்ட ரேமும் இதேபோல நிரல்களின் கூட்டுத்தொகையில் சேராமல் போகக்கூடும் என்பதால், டிரைவரைக் குற்றம் சொல்லும் முன் அதையும் நிறுத்திப் பார்ப்பது நேர்மை.

மறுதொடக்கத்தை நான் ஆறாவது வழியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. கசிவு இருந்தால் அது கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். கூடவே பெரும்பாலான சான்றுகளையும் அழித்துவிடும். இன்று இரவுக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்றால் செய்யுங்கள். அதற்கு முன் மேலே சொன்ன எண்களைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

64 பிட்டுக்கு மாறுவது

32 பிட் நிரலின் முகவரிப் பரப்பு 4 ஜிபி. அதில் விண்டோஸ் இயல்பாக அதற்குத் தருவது 2 ஜிபி மட்டுமே. 128 ஜிபி ரேம் உள்ள கணினியிலும் இது மாறாது. அந்த 2 ஜிபியும் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. நிரல் தன்னோடு ஏற்றிக்கொள்ளும் டிஎல்எல் கோப்புகள் ஆங்காங்கே இடம் பிடித்திருக்க, 1.2 ஜிபி மட்டுமே பயன்பட்ட நிலையில் 300 எம்பி அளவில் ஒரே துண்டு கிடைக்காமல் நிரல் விழக்கூடும். பெரிய எக்செல் கோப்புகளில் வரும் பிழைகளுக்கு இதுவே நெடுங்காலக் காரணம். ஆஃபீஸ் தொகுப்பு 2010 பதிப்பிலிருந்தே 64 பிட்டில் கிடைத்தாலும், 32 பிட்டில் நிறுவியவர்கள் ஏராளம்.

64 பிட்டுக்கு மாறுவதன் விலை, 32 பிட்டுக்கென எழுதப்பட்ட துணைநிரல்கள் அதில் ஏறாமல் போவது. அலுவலகத்தின் அன்றாடப் பணி அப்படியொரு துணைநிரலைச் சார்ந்திருந்தால், மாற்றத்துக்கு முன் அதன் 64 பிட் பதிப்பு கிடைக்குமா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நடுவழியாக, பெரிய முகவரிகளைக் கையாள முடியும் என்ற கொடியை (அடையாளக் குறியை) நிரல் கோப்பில் இட்டால், 64 பிட் விண்டோஸில் அதற்கு 4 ஜிபி முழுவதும் கிடைக்கும். ஆனால் பழைய நிரல்களில் சில, 2 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளைத் தவறாகக் கணக்கிட்டு, விழுவதற்குப் பதிலாகத் தரவைக் கெடுத்துவிடலாம்; கோப்பின் டிஜிட்டல் கையொப்பமும் செல்லாததாகிவிடும். உருவாக்கியவரே அந்தக் கொடியை இட்டுத் தந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். நாமே இடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு வரம்பையும் குறிப்பிட வேண்டும். சாளரங்களும் எழுத்துருக்களும் படங்களும் வரையத் தேவைப்படும் ஜிடிஐ பொருள்களுக்கு, ஒரு ப்ராசஸுக்கு 10,000 என்பது விண்டோஸின் இயல்பு வரம்பு. அதைத் தொட்ட நிரல் திரையைச் சரியாக வரையாது; கறுப்புப் பட்டைகள் தோன்றும்; சில வேளை நினைவகம் போதவில்லை என்றே சொல்லும். டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ நெடுவரிசையைச் சேர்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பழுது நிரலில் இருப்பதால் அதைத் திருத்துவதே சரியான வழி. வரைகலை அட்டையின் நினைவகம் தீர்ந்து வரும் பிழையும் கணினி ரேமோடு தொடர்பற்றது. அங்கே மாதிரியின் அளவையோ படத்தின் நுணுக்கத்தையோ குறைக்க வேண்டும்.

ரேம் வாங்குவது எப்போது சரி?

முதலில், கேட்கும் அளவே நியாயமானதா என்று பாருங்கள். 1,00,000 வரிசையும் 1,00,000 நெடுவரிசையும் கொண்ட ஓர் அணியை 8 பைட் எண்களால் நிரப்பினால் 80 ஜிபி ஆகிறது. 64 ஜிபி கணினி அதை மறுப்பது பிழையே அல்ல. பேஜ் ஃபைலைப் பெரிதாக்கினால் கணக்கு ஓடத் தொடங்கும்; ஆனால் ஒவ்வொரு அடியிலும் வட்டுக்காகக் காத்துக் கிடக்கும். 4 பைட் எண்களுக்கு மாறினால் 40 ஜிபி. பெரும்பாலான மதிப்புகள் பூச்சியமென்றால், பூச்சியமல்லாதவற்றை மட்டும் சேமிக்கும் அமைப்பில் அது சில நூறு எம்பியாகச் சுருங்கவும் கூடும். தரவைத் துண்டு துண்டாகப் படித்தாலும் போதும் என்றால் அதையே செய்யலாம்.

இவை எதுவும் பொருந்தாமல், கமிட் வரம்பும் போதுமானதாக இருந்து, நிரலின் உள்வரம்பும் உயர்த்தப்பட்டு, கசிவில்லை என்பதும் உறுதியாகி, வேலையின் உச்சத்தில் ‘அவைலபிள்’ எண் மட்டும் தரையைத் தொட்டு வட்டு ஓயாமல் இயங்கினால், ரேம் வாங்குங்கள். அப்போது அதற்கு ஈடான மாற்று எதுவும் கிடையாது. லினக்ஸில் இதைப் பார்க்கும்போது ‘ஃப்ரீ’ என்ற எண்ணை நம்ப வேண்டாம். கோப்புகளின் தற்காலிக நகல்களுக்காகக் கர்னல் எப்போதும் ரேமை நிரப்பியே வைத்திருக்கும். தேவைப்பட்டதும் அதை விடுவிக்கும். அங்கும் ‘அவைலபிள்’ நெடுவரிசையே உண்மை நிலையைக் காட்டுவது. எவ்வளவு வாங்குவது என்பதை, வழக்கமான வேலை முழு வேகத்தில் நடக்கும் ஒரு நாளில் எல்லா நிரல்களும் ரேமில் உண்மையாகப் பிடித்திருக்கும் அளவைக் கூட்டி, அந்த உச்சத்துக்கு மேல் கால் பங்கு சேர்த்து முடிவுசெய்யலாம்; கமிட் எண்ணைப் பார்த்து வாங்கினால் ஒருபோதும் தொடப்படாத உறுதிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவர்களாவோம்.